சித்திரத்துக்கு முன்னே

பாகான் நக்கோடா ஓமாரில் கடல் நீலமாக இருப்பதில்லை. சிலாங்கூரின் வடமேற்கு ஓரத்தில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அமைந்த அவ்வூரின் கரையில், மலாக்கா நீரிணை சேற்றின் நிறத்தையே பூண்டு கிடக்கின்றது. நீர் வற்றும் வேளையில் சேற்றுவெளி நெடுந்தூரம் பளபளக்கும். நீர் ஏறும் வேளையில் கடலைத் தடுக்க எழுப்பிய மண்கரையை அலை வந்து தொட்டுப் பார்க்கும். 'பாகான்' என்றால் படகுகள் ஒதுங்கும் துறை. 'நக்கோடா' என்றால் கப்பல் தலைவன். பாரசீகத்தில் பிறந்து மலாயில் குடியேறிய சொல் அது. ஓமார் என்னும் கப்பல் தலைவனின் துறை என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். கரைக்கு இப்பால் தென்னையும், அதற்கும் இப்பால் செம்பனையும், தெற்கே செகிஞ்சான்வரை நெல்வயலுமாக நிலம் தட்டையாக விரிகின்றது.

அவ்வூரில் எதுவும் முழுமையாக உலர்வதில்லை. சாடியிலுள்ள உப்பு கசிந்து நீராகும். அலமாரியில் அடுக்கிய வேட்டியில் கரும்புள்ளி பூக்கும். ஓராண்டு தொடாத நூலைப் பிரித்தால் தாள்கள் ஒன்றையொன்று விட மனமின்றி ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாள்களே மிகுதி. சித்திரக்காரன் குடியிருக்கத்தக்க இடம் அன்று அது. எனினும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், அங்கே தம் வீட்டின் பின்கூடத்தில், சித்திரம் எழுதுவதற்குரிய பலகைகள் பதினொன்றைச் செய்து சுவரில் சாய்த்து வைத்திருக்கின்றார். எல்லாம் வெண்மையானவை, கையால் தடவினால் முட்டையோட்டைத் தடவுவது போன்றவை. ஒன்றிலேனும் ஒரு கோடு இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழியை நோயாளியின் கட்டிலருகே சொல்லிச் சொல்லியே நாம் அதன் நேர்ப்பொருளை மறந்துவிட்டோம். உடம்பைப் பேணவேண்டும் என்று அறிவுறுத்தும் ஆர்வத்தில் சுவரையே மறந்தோம். பழமொழியைப் படைத்தவன் மருத்துவனாக இருந்திருக்க முடியாது. சுதை உதிர்ந்து, தான் எழுதிய உருவம் தரையில் துகளாகக் கிடக்கக் கண்ட ஓர் ஓவியனாகவே இருந்திருக்கவேண்டும். இந்த ஆசிரியரும் அப்படிக் கண்டவர்தாம்.

அவர் பிறந்தது கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தாய் பால் மரம் சீவும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக உளி பிடித்து, நண்பகலில் வாளி சுமந்து திரும்பியவள். தந்தை அவருடைய ஐந்தாம் வயதிலேயே இறந்தார். தமக்கை ஒருத்தி உண்டு. ஏழு வயது மூத்தவள். 1973ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது இளைஞராக இருந்தபோது, அவர் தம் முதல் வருவாயில் கோலசிலாங்கூர்க் கடையொன்றிலிருந்து எண்ணெய் வண்ணக் குழாய்கள் சிலவற்றை வாங்கி வந்தார். தாயை எழுதவேண்டும் என்பது எண்ணம். வண்ணம் வந்துவிட்டது, எதன்மேல் எழுதுவது? கடையில் தொங்கிய கித்தான் அவருடைய ஒரு மாதத்துச் சாப்பாட்டுச் செலவை விழுங்கக்கூடியது.

வீட்டில் காடாத் துணி இருந்தது. பெட்டிக்கட்டையைப் பிளந்து சட்டம் செய்து அதை இழுத்துக் கட்டினார். ஆனால், எண்ணெய் வண்ணத்தை வெறுந்துணியில் பூசலாகாது என்று எங்கோ படித்திருந்தார். துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே ஒரு தடுப்பு வேண்டும். என்ன தடுப்பு என்பது அந்நூலில் இருந்திருக்கலாம்; நினைவில் இல்லை. அவர் வாசலில் நின்றபடி சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் முழுதும் ரப்பர் மரம். மங்கு மங்காக வெள்ளைப் பால்.

தாய் மறுநாளே ஒரு போத்தல் பால் கொண்டு வந்தாள். கட்டியாகாமல் இருக்க அதில் சிறிது அம்மோனியா விட்டிருந்தார்கள். இளைஞர் அதைத் தூரிகையால் துணியில் மூன்று முறை பூசினார். ஈரமாக இருக்கையில் பால்போல் வெளுத்திருந்த பரப்பு, காய்ந்ததும் தேன் கலந்த நிறமாகத் தெளிந்தது. நீர் இறங்கவில்லை, எண்ணெயும் ஊறவில்லை. அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஓய்வு நாள்களில் தாயை லயத்து வாசல் திண்ணையில் உட்காரவைத்து ஐந்து வாரத்தில் எழுதி முடித்தார்.

"இந்தக் கறுத்த முகத்தை எழுதி என்ன ஆகப்போகிறது, ஐயா? துரை வீட்டு நாயை எழுதினாலும் காசு தருவார்கள்," என்று அவள் சிரித்தாளாம். ஆயினும் படம் முடிந்த அன்று லயம் முழுதும் போய்ச் சொன்னாள்: "நான் வெட்டின பாலிலேயே என்னை எழுதியிருக்கிறான் என் மகன்."

அந்தச் சொல்தான் பின்னர் அவரை நெடுங்காலம் வருத்தியது.

ரப்பர்ப் பாலின் இயல்பைத் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் ஒருவகையில் அறிவர். ஒட்டுப்பால் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நாள்தோறும் பார்க்கின்றனர். காற்றிலுள்ள உயிர்வளி இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துக்கொண்டே இருக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு பழுப்பாகும், இறுதியில் நொறுங்கும். போதாக்குறைக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் ரப்பரை ஊறிப் பருக்கச் செய்வன. இன்னும் ஒன்று உண்டு. செம்பும் மங்கனீசும் ரப்பருக்கு நஞ்சு என்பது ரப்பர்த் தொழிலின் பழைய பாடம். தாயின் மாநிற முகத்துக்காக அவர் தாராளமாகக் குழைத்துப் பூசிய 'அம்பர்' என்னும் பழுப்பு மண்ணுக்கு அந்நிறத்தைத் தருவதே இரும்போடு சேர்ந்த மங்கனீசுதான். வேறெந்த இடத்தையும்விட முகமே முதலில் அழிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கப்பெற்றது. அதன் ஆய்வுத் தோட்டம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோவில் இருந்தது. ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய அறிவு. ஆனால் பால் வெட்டுபவளின் மகன் பாலைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பான்?

மூன்றாம் ஆண்டில் படம் பிசுபிசுத்தது. தூசியும் எறும்பும் அதில் ஒட்டின. ஏழாம் ஆண்டில் கன்னத்திலும் நெற்றியிலும் ஆற்றுப்படுகை வெடிப்பதுபோல் வெடிப்புக் கண்டது. 1982இல் தாய் இறந்தபோது, மூக்கும் வாயும் இருந்த இடத்தில் பழுப்பு நிறச் சுருள்கள் தொங்கின. அவள் தன் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட நிழற்படம் அடையாள அட்டைக்குரியது ஒன்றே. மலாயாவில் அவசரகாலத்தின்போது, 1948இல் தொடங்கிய தேசியப் பதிவினால், ஏழைத் தொழிலாளர் பலருக்கு வாழ்வில் முதன்முதலாகவும் சிலருக்குக் கடைசியாகவும் கிடைத்த படம் அதுதான். இறப்பைப் பதியும்போது அடையாள அட்டையை ஒப்படைத்துவிடவேண்டும். துக்கத்திலிருந்த மகன் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகே தாம் எதைக் கொடுத்தோம் என்பது அவருக்குத் தோன்றியது.

மறு ஆண்டு, நினைவிலிருந்து இரண்டாம் முறை எழுதினார். இம்முறை தாளில், நீர்வண்ணத்தால். பள்ளிக்கு வரும் மணிலா அட்டையே அவருக்குக் கிடைத்தது. அது எவ்வகைத் தாள் என்பதைச் சொல்லவேண்டும். மரக்கூழில் செய்த மலிவான தாளில் 'லிக்னின்' என்னும் மரப்பொருள் நீங்காமல் நிற்கும். ஒளி பட்டால் மஞ்சளாகும். மை பரவாதிருக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆலைகள் படிகாரமும் மரப்பிசினும் கலந்து வந்தன. அந்தப் படிகாரம் தாளுக்குள்ளேயே அமிலத்தை விளைவித்து இழையை அரிக்கும். பழைய பாடநூலைத் திருப்பினால் ஓரம் பொரிபோல் உடைகின்றதே, அதன் காரணம் நம் விரலன்று, இந்த அமிலமே. ஆசிரியர் படத்தைக் கெட்டியான அட்டையில் மாவுப் பசையால் ஒட்டினார். பூச்சி வராதிருக்க, நூல் கட்டுவோர் செய்வதுபோல் பசையில் மயில்துத்தம் கலந்தார். பூச்சி வரவில்லை. துத்தத்தின் செம்பு தாளை உள்ளிருந்து கருக்கியது. மாவுப் பசையோ பூசணத்துக்கு விருந்தாயிற்று. நான்கைந்து மழைக்காலத்தில் அந்தப் படமும் போயிற்று.

இரு முறை தோற்றவன் தன் கையைக் குறை கூறுவது இயல்பு. அவர் அவ்வாறு செய்யவில்லை. கை எழுதியதைத் தளம் தாங்கவில்லை என்று அவர் தெளிந்தார். அத்தெளிவில் பாதி உண்மையும் பாதி ஆறுதலும் இருந்தன. அன்றுமுதல் அவர் ஓவியத்தைப் படிப்பதை விட்டு ஓவியத்துக்கு முற்பட்டதைப் படிக்கலானார்.

1996ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் அவர் தஞ்சைக்குச் சென்றார். கோயில் பார்க்கச் சென்றவர்களோடு சேர்ந்தே சென்றார். ஆனால் மூன்று நாளும் ஓவியப் பட்டறை ஒன்றின் வாசலிலேயே அமர்ந்திருந்தார். தஞ்சாவூர் ஓவியம் என்றதும் நமக்குப் பொன்தகடும் கண்ணாடிக் கல்லும் நினைவுக்கு வரும். மராட்டியர் அரசாண்ட காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் காலத்தில் ஓங்கி வளர்ந்த கலை அது. அதைப் 'பலகைப் படம்' என்று அழைத்த பெயரே பொருத்தமானது. முதலில் பலாப் பலகை, இக்காலத்தில் ஒட்டுப்பலகை. அதன்மேல் துணியைப் பசையால் ஒட்டுகின்றனர். பழைய பசை புளியங்கொட்டையிலிருந்து ஆனது: கொட்டையின் கருந்தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை. துணி இறுகிய பின் சுக்கான் மாவைப் பசையோடு குழைத்துப் பூசுகின்றனர். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்க்கின்றனர். பிறகே கோடு.

பலகை இருக்கத் துணி எதற்கு? அவர் அங்கிருந்த முதியவரைக் கேட்டார். "பலகை மூச்சு விடும் ஐயா," என்றார் அவர். மரம் ஈரத்தில் பருத்து வறட்சியில் சுருங்கும். அந்த அசைவு நேரே சுதைக்குப் போனால் சுதை வெடிக்கும். துணி நடுவில் நின்று அசைவை வாங்கிக்கொள்ளும். இத்தாலியரான சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டையொட்டி எழுதிய தொழில்நூலிலும், பலகையின்மேல் பழந்துணியைப் பசையில் தோய்த்து ஒட்டி, அதன்மேல் வெண்சுதை பூசச் சொல்லியிருக்கின்றார். அவர் தஞ்சையை அறியார். தஞ்சைக் கைவினைஞர் அவரை அறியார். இரு நாட்டிலும் மரம் ஒன்றுபோலவே மூச்சு விட்டிருக்கின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நாயக்கர் காலத்தார் அவற்றின் மேலேயே சுதை பூசி வேறு சித்திரம் எழுதியிருந்தனர். ஈரச் சுண்ணாம்புச் சுதையில் வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வளியை ஏற்றுக் கல்லாக மாறும்போது வண்ணத்தையும் தன்னுள்ளே சிறைப்படுத்திக்கொள்ளும். கீழ்த்தளம் ஆயிரம் ஆண்டு உழைத்ததற்கு அதுவே காரணம். மேலே எழுதியவர்கள் கீழே இருந்ததை அழித்தார்களா, காத்தார்களா என்பது வழக்கறிஞருக்குரிய வினா; மூடியதனால் அது புகைக்கும் கைக்கும் தப்பியது என்பதில் ஐயமில்லை.

துணியில் எழுதுவோர் முறை வேறு. காளத்தியிலும் தஞ்சைப் பகுதியின் கருப்பூரிலும் கலம்காரி எழுதுவோர் துணிக்குச் சுதை பூசுவதில்லை. காடாத் துணியைத் துவைத்து ஆலைக்கஞ்சியைப் போக்கி, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள், இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலோடு சேர்ந்ததும் நிலையான கறுப்பாகும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். இதுவும் பால்தான். முன்பு அவர் தேர்ந்த பாலைவிட இது நல்ல பால் என்று அவர் தம்மையே நகையாடிக்கொண்டாராம். மலேசியாவில் பினாங்கின் சுவா தியான் தெங் 1950களில் பாத்தேக் முறையை ஓவியத்துக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றார். அவருக்கும் மெழுகு தொடுவதற்கு முன்னர்த் துணியின் கஞ்சியை நீக்குவதே முதல் வேலை. நம் அகப்பொருள் மரபில் மடலேறும் தலைவன் தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையில் ஏந்தி வருவான். 'கிழி' என்பது துணியே. அத்துணியை அவன் எதில் தோய்த்தான் என்று உரையாசிரியர் எவரும் உரைத்ததாகத் தெரியவில்லை. காதலைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருந்திருக்கும்.

தஞ்சையிலிருந்து திரும்பியவர் அங்குக் கற்றதை அப்படியே செய்தார், அதுவும் தோற்றது. புளியங்கொட்டைப் பசை தஞ்சையின் வெயிலில் இறுகும். பாகான் நக்கோடா ஓமாரின் காற்றில் பத்து நாளில் புளித்து நாறியது. நல்ல முறை என்பது ஊரோடு சேர்ந்தே நல்லது என்பதை அவர் அப்போது உணர்ந்தார். தம் ஊரில் என்ன இருக்கின்றது என்று தேடத் தொடங்கினார்.

இருந்தது சிப்பி. சிலாங்கூர்க் கடலோரச் சேற்றில் 'கெராங்' என்னும் சிப்பி விளைகின்றது. கோலசிலாங்கூர்ப் பகுதியில் அதைப் பண்ணையாகவே வளர்க்கின்றனர். சந்தைக் கடைகளின் பின்னால் ஓடுகள் குவிந்து கிடக்கும். சிப்பியோடு என்பது கால்சியம் கார்பனேட்டு. சுக்கானும் அதுவே, வெள்ளைச் சுண்ணக்கட்டியும் அதுவே. சப்பானியர் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த சிப்பியோட்டை அரைத்து 'கோஃபுன்' என்னும் வெண்மையைச் செய்து ஓவியத்துக்குத் தளமாகவும் வண்ணமாகவும் பயன்படுத்துவர். ஆசிரியர் ஓட்டைச் சுடவில்லை. சுட்டால் அது வெற்றிலைச் சுண்ணாம்பாகிக் காரம் ஏறும். காரம் பல வண்ணங்களைக் கெடுக்கும். கழுவி, கொல்லையில் இரண்டாண்டு காயப்போட்டு, உரலில் இடித்து, நீரில் கலக்கி, தெளிவு நீங்கிய பின் அடியில் படியும் நுண்மாவை மட்டும் துணியில் வடித்து எடுத்தார். அண்டை வீட்டு மலாய் மூதாட்டி, "சிக்கு, இதைக் கோழிக்கா போடுகின்றீர்கள்?" என்று கேட்டாளாம்.

அவர் பின்பற்றும் முறை இன்று இது. ஒட்டுப்பலகையை அளவாக அறுத்து ஓரத்தை இழைப்பார். காடாத் துணியை வெந்நீரில் இரு முறை அலசிக் கஞ்சி போக்குவார். தச்சர் பயன்படுத்தும் வச்சிரத்தை ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளஞ்சூட்டில் கரைப்பார். கொதித்தால் வச்சிரத்தின் பிடிப்பு இறந்துவிடும். ஆகவே கொதிக்க விடுவதில்லை. பூசணத்துக்கு அஞ்சி அதில் சில துளி கிராம்பு எண்ணெய் விடுவார். அக்கூடத்தில் எப்போதும் பல்வலிக்காரன் வீட்டு மணம் வீசுவது அதனால்தான். துணியை அப்பசையில் தோய்த்துப் பலகையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுவார். பின்னர்ச் சிப்பிமாவைப் பசையில் நெய்போலக் குழைத்து, ஒருமுறை கிடையாகவும் அடுத்தமுறை நெடுக்காகவும், மெல்லிய பூச்சாக எட்டு முறை பூசுவார். ஒவ்வொன்றும் உலர்ந்த பின்பே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசிய பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாய் நின்று வெடிக்கும். முன்பக்கம் எத்தனை பூச்சோ பின்பக்கமும் அத்தனை. இல்லையேல் பலகை ஒருபுறமாக வளையும். இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்பார். உடனே மறைந்தால் தளம் மிகையாகக் குடிக்கின்றது. முத்துப்போல் நின்றால் குடிக்கவே மறுக்கின்றது. மெல்ல விரிந்து மெல்ல மறையவேண்டும். அதுவே பதம்.

இந்த வெண்சுதையைச் சட்டத்தில் கட்டிய துணிக்குப் பூசலாகாது. துணி அசையும், சுதை அசையாது, வெடிக்கும். கித்தானில் எழுத விரும்பும் இளைஞர்க்கு அவர் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பூச்சையே பரிந்துரைக்கின்றார். 1950களின் நடுவில் ஓவியர் கைக்கு வந்த அப்பொருள் துணியோடு சேர்ந்து வளையும். ஈரக்காற்றுக்கு வச்சிரத்தைப்போல் அஞ்சாது. "பிறகு நீங்கள் ஏன் ஐயா அதைப் பூசுவதில்லை?" என்று கேட்டால் அவர் விடை சொல்வதில்லை. பழைமைப் பற்று என்று சிலர் நினைப்பர். சிப்பிமாவை இடிக்க இரண்டாண்டு ஆகும். அக்ரிலிக் பூச்சோ ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும்.

பள்ளியில் அவர் கற்பித்ததையும் சிறிது கூறவேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பாடம் என்றால் மஜோங் தாளும் கரைந்தோடும் வண்ணமும்தாம். பிள்ளைகள் நீர்வண்ணம் பூசியதும் தாள் கூரைத் தகரம்போல் நெளியும், வண்ணம் பள்ளத்தில் தேங்கும், பிள்ளை அழும். அவர் தாளை முதலில் நீரில் நனைக்கக் கற்றுக்கொடுத்தார். நனைந்து விரிந்த தாளைப் பலகையில் பரப்பி, நான்கு ஓரத்தையும் பழுப்புநிறப் பசைத்தாளால் ஒட்டி உலரவிட்டால், அது சுருங்க முயன்று முடியாமல் முரசுத்தோல்போல் விறைத்து நிற்கும். பிறகு எவ்வளவு நீர் பட்டாலும் நெளியாது. ஓவியப் பாடவேளை முழுவதையும் தாள் ஒட்டுவதிலேயே கழித்தவர் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்ததுண்டு. அப்பிள்ளைகளுள் ஒருவர் இன்று அதே வட்டாரத்தில் ஆசிரியை. தம் மாணவரை முதல் வாரம் தாள் நனைக்கவே வைக்கின்றார்.

அந்த ஆசிரியை சென்ற ஆண்டு ஒருநாள் அவரைக் காண வந்தார். சாய்ந்து நின்ற பதினொரு பலகைகளையும் பார்த்தார்.

"எப்போது ஐயா எழுதப்போகின்றீர்கள்?"

"தளம் இன்னும் பதமாகவில்லை, அம்மா."

"இந்தப் பலகைக்கு இதற்குமேல் என்ன பதம்?" என்று கேட்டுவிட்டு, அவர் முகம் மாறியதைக் கண்டு ஆசிரியை பேச்சை நிறுத்திக்கொண்டார்.

உண்மை அவருக்குத் தெரியாமல் இல்லை. தளத்தைச் செம்மை செய்துகொண்டிருந்த நாற்பதாண்டில், அதன்மேல் எழுத வேண்டிய முகம் அவர் நினைவில் தேய்ந்துவிட்டது. கண்ணை மூடினால் தாயின் கைகள் வருகின்றன. பாலின் கறை படிந்த விரல் நகம் வருகின்றது. தலைத்துண்டின் முடிச்சு வருகின்றது. முகம் மட்டும் வருவதில்லை. வருவதும் தாயின் முகமன்று, 1973இல் தாம் எழுதிய படத்தின் முகம், வெடித்த முகம். வெண்மையாக இருக்கும்வரை எந்தப் பலகையும் தோற்பதில்லை அல்லவா?

தமக்கை தஞ்சோங் காராங்கில் மகன் வீட்டில் இருக்கின்றாள். வயது எழுபத்தெட்டு. அண்மைக் காலமாக, காலையில் உண்டதை மாலையில் மறக்கின்றாள். ஆனால் தோட்டத்தில் எந்த நிரையில் எத்தனை மரம் என்பதை இன்றும் சொல்வாள். மருத்துவர் பெயரிட்டுச் சொன்ன நோய் ஒன்று அவளுக்கு வந்திருப்பதாகச் சென்ற ஆடி மாதம் மருமகன் தொலைபேசியில் கூறினான். இனி மெல்ல மெல்லப் பழையதும் போய்விடுமாம். ஆசிரியர் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் அவளை அழைத்து வரச் செய்தார்.

பின்கூடத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார். பதினொன்றுள் ஒரு பலகையை எடுத்து எதிரே நிறுத்தினார். தூரிகையை எடுக்கவில்லை, கரித்துண்டை எடுத்தார். கை நடுங்கிற்று.

"என்ன தம்பி செய்கிறாய்?"

"அம்மாவை எழுதப்போகிறேன் அக்கா. நீ பார்த்துச் சொல்."

அவள் சற்று நேரம் வெண்பலகையையே பார்த்தாள். "அம்மாவுக்கு நெற்றி சின்னது. துண்டு கட்டிக்கட்டி முடி பின்னால் போனதால் பெரிதாகத் தெரியும். நீ பெரிதாகவே போட்டுவிடாதே."

அவர் கோடு இழுத்தார்.

"இல்லை, இல்லை. இடது புருவத்தின் மேலே தழும்பு. உளி தெறித்தது. நீ அப்போது தவழ்கிற பிள்ளை."

அந்தத் தழும்பு அவர் அறியாதது. அல்லது தாய் சிரிக்கும்போது மட்டும் தெரிந்து, அவர் படத்தில் எழுதாமல் விட்டது. அவர் பழந்துணியால் கோட்டைத் துடைத்தார். நன்கு தேய்த்த தளம் கரியை விட்டுக்கொடுத்தது, வெண்மை மீண்டது. மறுபடி இழுத்தார்.

"காது இன்னும் கீழே, தம்பி. தோடு கனத்துத் தொங்கும்."

துடைத்தார். எழுதினார். உப்பங்காற்று சன்னல் வழியே வந்து கிராம்பு மணத்தைக் கலைத்தது. வெளியே நீர் ஏறும் நேரம். மண்கரையின்மேல் சிறுவர் சிலர் தூண்டிலோடு ஓடினர்.

"மூக்கு?" என்று கேட்டார்.

தமக்கை விடை கூறவில்லை. கண்ணை மூடி, தன் மூக்கின்மேல் விரலை வைத்து மெல்ல மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்த விரலை அவர் பக்கம் நீட்டினாள். "இதுதான் தம்பி. என்னுடையதையே எழுது."